அமுங்காத தண்ணீர்

க்ளெனிஸ் ஹாக்கிங்குக்குப் பிழைப்பே தண்ணீரைக் கணக்குப் போடுவதுதான். டேமார் ஆற்றைக் கணினியில் சின்னச் சின்னக் கட்டங்களாக வெட்டி, கால் நொடி கால் நொடியாக ஓடவிடுவாள். ஒரு கட்டத்துக்குள் வந்தது அவ்வளவும் வெளியே போயாக வேண்டும், தண்ணீர் அமுங்காது. "இது ஒண்ணுதான்டா ரான் நமக்கு வேதம்," என்பாள். என்னைவிட இரண்டு வயது மூத்தவள், வாய் இருபது வயது மூத்தது.

பள்ளிப் பிள்ளைகள் படகேற ஒரு மிதவை வரவிருந்தது. ஆறு வரும் பக்கமாக, அதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு தூண். கணினியில் ஓட்டியபோது தூணுக்குப் பின்னால் தண்ணீர் இடமும் வலமுமாகச் சுழன்று, ஒன்பது நொடிக்கு ஒருமுறை ஆடியது. மிதவையும் அதே தாளத்தில் ஆடக்கூடியது. இரண்டும் சேர்ந்தால் மிதவையைக் கட்டியிருக்கும் சங்கிலி அறும்.

அவள் கணக்கைச் சரிபார்ப்பவன் நான். முதல் தப்பும் என்னுடையதுதான். திரையில் எது நெளிந்தாலும் கணக்கின் கோளாறு என்று நினைத்து, தண்ணீரைக் கெட்டியாக்கி அடக்கிவிடுவது எங்கள் பழக்கம். பாகு ஊற்றுவது என்போம். நானும் ஊற்றினேன். ஆட்டம் நின்றது.

"எவன்டா என் ஆத்துல பாகு ஊத்தினது?" என்று கத்திக்கொண்டே வந்தாள். பாகை எடுத்தாள், கால் நொடியை அரைக்கால் நொடியாக்கினாள். "கணக்கோட கோளாறுன்னா இப்ப ஆட்டம் மாறணுமே! மாறுச்சா? அதே ஒம்பது!"

எங்கள் மேலாளன் டல்லக், எங்களைவிடச் சின்னவன், முப்பத்தைந்து வயது, கைகூப்பாத குறை. "அம்மா தாயே, வெள்ளிக்கிழமை அறிக்கை போகணும். உங்க ரெண்டு பேர்ல ஒருத்தர் கையெழுத்து போதும். பாகுப் படத்துல போடுங்க, விஷயத்தை அமுக்கிடலாம். மாட்டேன்னா வேலையை மறந்துடுங்க."

"தண்ணியே அமுங்காது தம்பி. நான் அமுங்குவேனா?"

மதியம் எங்களை ஆற்றங்கரைக்கு இழுத்துப் போனாள். பழைய பாலத்தின் தூணும் அதே அகலம். அதன் பின்னால் மாண்டரின் என்னும் சின்ன ஆரஞ்சுப் பழங்களை ஒவ்வொன்றாகத் தண்ணீரில் வீசினாள். அவை ஒதுங்கின: இடம், வலம், மறுபடி இடம். என் கைக்கடிகாரத்தில் ஒன்பது நொடி.

"காத்தா இருக்கும்," என்றான் டல்லக். ஓர் இலைகூட அசையவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வெள்ளிக்கிழமை அவள் கையெழுத்துப் போட மறுத்து, தன் தேநீர்க் கோப்பையைப் பையில் போட்டுக்கொண்டு வெளியேறினாள். டல்லக் தாளை என் முன்னால் வைத்தான். "நீ போட்டா முடிஞ்சுது ரான்."

வேலை போய்விடும் என்று பயந்தேன், மறைப்பானேன். ஆனால் பாகு ஊற்றியவன் நானல்லவா? கையெழுத்து இடத்தில் பெரிதாக எழுதினேன்: "இந்தப் படம் பொய். ஆறு ஆடுகிறது." கீழே என் பெயர்.

வாசலில் க்ளெனிஸ் மிச்ச மாண்டரினை உரித்துக்கொண்டிருந்தாள்.

"போட்டுட்டியா?"

"போடலை. எழுதிட்டேன். இனி அந்தத் தாளை எவனும் அனுப்ப முடியாது, புதுத் தாள் எடுத்தாலும் கையெழுத்துப் போட நாம ரெண்டு பேரும் இல்லை."

"வேலை?"

"போச்சு."

பாதிப் பழத்தை என் கையில் திணித்து, தெருவே திரும்பிப் பார்க்கச் சிரித்தாள். "உள்ள வந்தது அவ்வளவும் வெளிய போயாகணும்டா. வா."