விலைப்பட்டியலைப் போட்டோ எடுத்த முதலாளி

நெடுநாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன், போதும்.

கும்மிடிப்பூண்டியில் நான் வேலை பார்க்கும் போல்ட் கம்பெனியின் வெப்சைட் முழுக்கப் படங்கள்தான். போட்டிக்காரன் காப்பியடிப்பான் என்று பயந்து, விலைப்பட்டியலைக்கூட முதலாளி போட்டோ எடுத்துப் போட்டிருக்கிறார்.

இன்று ஒரு தொழிற்சாலையின் பர்ச்சேஸ் மேனேஜர் போன் செய்தார். அவருக்குக் கண் தெரியாது. திரையில் உள்ள எழுத்தைக் கம்ப்யூட்டர்தான் அவருக்கு வாசித்துச் சொல்லும்; படத்துக்குள் இருக்கும் எழுத்தை அதனால் வாசிக்க முடியாது.

"சார், உங்க சைட்டுல 'இமேஜ் ஒண்ணு, இமேஜ் ரெண்டு'ன்னு எண்ணிக்கினே போவுது. எனக்குத் தூக்கமே வந்துடுச்சு. மத்தியானத்துக்குள்ள எழுத்தா அனுப்புங்க, இல்லன்னா பக்கத்துக் கம்பெனில வாங்கிக்கிறேன்."

முதலாளியிடம் ஓடினேன்.

"படிக்க முடியலையாமா? எழுத்தைப் பெருசா போடுய்யா!"

"அவருக்குக் கண்ணே தெரியாதுங்க."

"அப்போ இன்னும் பெருசா போடு. சேப்புல போடு."

வெப்சைட் பார்க்கும் ஆட்கள் அப்படியே சிவப்பில் போட்டார்கள். நான் சோறுகூடச் சாப்பிடாமல் பட்டியலைத் தட்டச்சு செய்து மின்னஞ்சலில் அனுப்பினேன். ஆர்டர் வந்தது.

"பாத்தீங்களா, சேப்பு எழுத்து இன்னா வேலை செய்யுதுன்னு?" என்று முதலாளி எல்லோருக்கும் லட்டு கொடுத்தார். என் மேஜைக்கு வருவதற்குள் தீர்ந்துவிட்டது.

உங்கள் கம்பெனியிலும் இப்படி ஒருவர் இருந்தால் கீழே சொல்லுங்கள். நான் பெயர் போடாமலே பதிகிறேன். முதலாளி இதையெல்லாம் படிப்பார். அவருக்குக் கண் நன்றாகவே தெரியும்.