பள்ளித் தரையின் கறுப்புக் கோடு

ஆதம்பாவாவுக்குப் பார்வை உள்ள கண் ஒன்றுதான். சுனாமி வந்த காலையில் கல்முனைக்குடியில் அவருடைய சொந்த வீட்டுக் கதவே தண்ணீரில் வந்து இடது கண்ணில் அடித்தது. உயிர் தப்பியது அல்லாஹ்வின் நாட்டம் என்று சொல்லி, போன கண்ணைப் பற்றிய பேச்சை அவர் அத்தோடு விட்டுவிட்டார். வலது கண்ணால் ஓதினார். வலது கண்ணால்தான் வேலையும் செய்தார்.

அவருடைய வேலை தரைக்கு மாபிள் பதிப்பது. கடல் கொண்டுபோன கரையோரப் பள்ளிவாசலைத் திரும்பக் கட்டியபோது தரை முழுவதையும் அவரே பதித்தார். எல்லாம் வெள்ளைக் கல். தொழ நிற்பவர்கள் குதிகாலை வைத்து வரிசையை நேராக்கிக்கொள்ள, இடையிடையே கறுப்புக் கல்லால் கோடு. அந்தக் கோடுகளைப் பார்த்து ஊரில் யாரும் குறை சொன்னதில்லை.

யுத்தம் முடிந்த வருடம், ஊரில் வெடி கொளுத்திய சத்தம் ஓய்ந்து சில வாரங்களில், ஆதம்பாவா தொழுதுவிட்டு எழும்பும்போது கடைசிக் கோட்டைப் பார்த்தார். நடுவில் அது மேலே கிளம்பி வளைந்து தெரிந்தது. மற்றக் கோடுகளும் அப்படித்தான் தெரிந்தன.

பள்ளி நிர்வாகத்தைப் பார்க்கும் மரைக்கார் கச்சிமுகம்மதுவிடம் போய்ச் சொன்னார்.

"மரைக்கார், கீழ மண் இறங்குது. கடல் வந்து போன மண், இன்னும் அடங்கல்ல. கோடெல்லாம் வளைஞ்சிட்டு."

கச்சிமுகம்மது குனிந்து பார்த்தார். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் கல் பதித்தவரே சொல்லும்போது மறுத்துப் பேச அவருக்கு மனம் வரவில்லை. அந்த மண்ணில் எதுவும் நடக்கலாம் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்த காலம் அது. கடைசி வரிசையை மட்டும் முதலில் கிண்டிப் பதிக்கச் சொன்னார்.

வழக்கமாகக் கூட நிற்கும் மேசன் மஜீட் அப்போது வினாயகபுரத்தில் வீட்டு வேலையில் இருந்தார். ஆதம்பாவா தனியாகவே கல்லைக் கிளப்பினார். நூல் கட்டினார். நூலும் வளைந்து தெரிந்தது. பழைய நூல் என்று எறிந்துவிட்டுப் புது நூல் வாங்கினார். அதுவும் வளைந்தது. கடற்காற்று இழுக்கிறது என்று நினைத்து நூலை அவிழ்த்துவிட்டார். கண்ணளவில் வேலை செய்து பழகியவர். தன் கண்ணுக்கு நேராகத் தெரியும் வரை ஒவ்வொரு கறுப்புக் கல்லையும் தட்டித் தட்டி நகர்த்தி வைத்தார். முடித்துப் பார்த்தபோது மனம் ஆறியது.

வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குக் கடைசி வரிசையில் நின்றவர்கள் குதிகாலைக் கோட்டில் வைத்தார்கள். தோளோடு தோள் சேரவில்லை. ஒருவர் முன்னே நின்றார், பக்கத்தில் நின்றவர் பின்னே நின்றார். தொழுகை முடிந்ததும் செருப்பு மாட்டுகிற இடத்தில் பேச்சு கிளம்பியது.

"என்ன காக்கா, அறுகம்பேக்குப் போற வளைவு றோட்டையா பள்ளிக்குள்ள போட்டிரிக்கீங்க? பிரேக் பிடிச்செல்லோ நிக்க வேண்டிக் கிடக்கு."

சிரிப்பு எழுந்தது. ஆதம்பாவா சிரிக்கவில்லை.

"என்ட கண்ணால பாத்துப் பாத்து வெச்சது. வளைவு உங்கட காலிலதான் இரிக்கி" என்றார்.

வீட்டில் மனைவி றம்லா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் முன்னால் வந்து நின்றாள்.

"நானும் கொஞ்ச நாளாப் பாக்கிறன். என்னோட கதைக்கக்குள்ள என்ட மூஞ்சப் பாக்கிறல்ல, காதப் பாத்துக் கதைக்கீங்க. என்ன, காதில தங்கம் கிங்கம் தொங்குதா?"

"மூஞ்சப் பாத்தா நடுவில புகை மாதிரி இரிக்கி."

"இந்தக் கதவு நிலையப் பாருங்க. நேரா இரிக்கா?"

"அதுவும் வளைஞ்சிதான் இரிக்கி. ஊர் முழுக்க மண் இறங்குது புள்ள."

"அப்ப என்ட மூக்கும் இறங்கிட்டா? எழும்புங்க, டொக்டரிட்டப் போவம்."

கல்முனையில் கண் பார்த்த டொக்டர் சிவரூபினி காரைதீவுப் பிள்ளை. சின்னச் சின்னச் சதுரமாகக் கோடு போட்ட ஒரு தாளை நீட்டி, நடுப்புள்ளியைப் பார்க்கச் சொன்னாள்.

"இதென்ன மகள், எங்கட பள்ளித் தரையக் கொண்டுவந்து வெச்சிரிக்கீங்க" என்றார் ஆதம்பாவா. "நடுவில எல்லாம் கிளம்பித்தான் இரிக்கி."

"ஐயா, தாளில எல்லாக் கோடும் நேர்தான். கிளம்பினது உங்கட கண்ணுக்குள்ள."

மருந்து விட்டுக் கண்ணின் உள்ளே பார்த்த பிறகு அவள் விளங்கப்படுத்தினாள். கண்ணின் பின்பக்கத்தில் உருவம் விழுகிற மெல்லிய சவ்வு ஒன்று இருக்கிறது. வயது போன சிலருக்கு அதன் கீழே தேவையில்லாத புது ரத்தக் குழாய்கள் முளைக்கும். அவை பலமில்லாதவை, கசியும். கசிந்தால் மேலே உள்ள சவ்வு கிளம்பும். அதனால் நேரான கோடு வளைந்து தெரியும்.

ஆதம்பாவா யோசித்தார். "மாபிளுக்குக் கீழ வேர் வந்த மாதிரி."

"ஓம் ஐயா, அதேதான். கண்டிக்குப் போய்க் கண்ணுக்குள்ள ஊசி போட வேணும். ஒண்டோட முடியாது, மாசா மாசம் போட வேண்டி வரும். அது வேரைக் காய வைக்கும். பிந்தினால் அந்த இடம் வடுவாகிடும். வடுவானால் ஊசிக்கும் ஏலாது."

அது நோன்பு தொடங்கியிருந்த நேரம். பெருநாள் முடியட்டும் என்றார் ஆதம்பாவா. சுனாமிக்குப் பிறகு கூடாரத்தில் இருந்த வருடத்திலும் நோன்பை விடாதவர் அவர். கண்டிப் பயணம் ஒரு பகல் முழுவதும் எடுக்கும். இந்த வயதில் ஊசியும் பயணமுமாய் நோன்போடு தாங்காது என்று அவருக்குத் தெரியும். விடவும் மனம் இல்லை.

"நோன்பாம் நோன்பு. ஊசிக்குப் பயம் எண்டு சொல்லுங்களன்" என்றாள் றம்லா.

"கண்ணுக்குள்ள குத்துறான் எண்டா நீ பயப்பட மாட்டியா?"

பயத்தை ஒப்புக்கொண்டாரே தவிர, பயணத்துக்கு ஒப்பவில்லை. றம்லா பள்ளி மௌலவிக்குச் சொல்லி அனுப்பினாள். அஸர் தொழுகைக்குப் பிறகு மௌலவி வீட்டுக்கு வந்தார்.

"நோயாளிக்கும் பிரயாணிக்கும் அல்லாஹ்வே தவணை தந்திரிக்கான். விட்ட நோன்பப் புறகு புடிச்சிக் களாச் செய்யலாம், காக்கா. கண்ணக் களாச் செய்யேலா."

அடுத்த நாள் காலை கண்டி பஸ்ஸில் றம்லா யன்னல் பக்கம் இருந்தாள், ஆதம்பாவா பக்கத்தில் இருந்தார். மகா ஓயாச் சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கி ஏற்றினார்கள். கண்டியில் கண்ணை மரத்துப்போகப் பண்ணி ஊசி போட்டார்கள். நினைத்த அளவுக்கு நோகவில்லை என்று வந்து சொன்னார். ஆனால் ஒவ்வொரு முறை போகும்போதும் றம்லாவின் கையைப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே போனார்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்குக் கிட்டிய ஒரு நாள் அஸருக்குப் பள்ளிக்குப் போனார். பார்வையின் நடுவில் ஒரு மங்கல் மிஞ்சியிருந்தது. அது போகாது என்று டொக்டர் முன்பே சொல்லியிருந்தாள். ஆதம்பாவா வாசலில் நின்று தரையைப் பார்த்தார். முன்வரிசைக் கோடுகள் எல்லாம் நேராகக் கிடந்தன. கடைசிக் கோடு மட்டும் பாம்பு போன தடம்போல நெளிந்து கிடந்தது.

கச்சிமுகம்மது பக்கத்தில் வந்தார். கோட்டை ஆதம்பாவா பார்த்துவிட்டாரே என்று அவருக்குச் சங்கடமாக இருந்தது.

"அது ஒண்டுமில்ல காக்கா. மஜீட் வந்திட்டான், நாளைக்குச் சரி பண்ணிருவான்."

"வளைஞ்சிதான் இரிக்கி மரைக்கார்" என்றார் ஆதம்பாவா. "நல்லா வளைஞ்சி இரிக்கி. அல்ஹம்துலில்லாஹ்."

தொழுகை தொடங்க இகாமத் சொன்னார்கள். அவர் கடைசி வரிசைக்குப் போய், தான் வைத்த கோட்டை விட்டுவிட்டு, பக்கத்தில் நின்றவரின் தோளோடு தோள் சேர்த்து நின்றார்.