ஜோதிமணி எழுதிய அறிக்கை

ஜோதிமணி கடலூர்க்காரி. இந்திய மகளிர் கால்பந்து அணியில் ஏழு வருஷம் வலது பக்கத் தடுப்பாட்டக்காரியாக நின்றவள். அவளைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோவது லேசுப்பட்ட காரியமில்லை என்று எதிரணிக்காரிகளே சொல்வார்கள். ஆடுவதை நிறுத்தியதும் கௌரிசங்கரைக் கட்டிக்கொண்டு ஷார்ஜாவுக்கு வந்துவிட்டாள். அவருக்கு ராஸ் அல் கைமாவில் டைல்ஸ் கம்பெனியில் வேலை, இவளுக்குப் பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர் உத்தியோகம். ஷார்ஜா ரோலாவில் மூன்றாவது மாடியில் குடியிருந்தார்கள். பள்ளி லீவிலெல்லாம் பயிற்சியாளர் பரீட்சைகளை எழுதி முடித்தாள். அவளுக்கு முப்பத்தெட்டு வயதானபோது பக்கத்து வளைகுடா நாடொன்று தன் மகளிர் தேசிய அணிக்குப் பயிற்சியாளராக வரச் சொல்லி அழைத்தது. எந்த நாடு என்பது இங்கே வேண்டாம். அந்தப் பெண்களுக்கு வாழ்க்கை இன்னும் அங்கேதான்.

"போயிட்டு வா ஜோதி. ரெண்டு வருஷந்தானே, நான் சமைச்சுக்கிறேன்" என்றார் கௌரிசங்கர்.

போன இடத்தில் அணி இருந்தது, ஆட்டம் இல்லை. பதினோரு மாதம் வெறும் பயிற்சி. இன்று வருகிறோம் என்ற நாடு நாளை வரவில்லை என்றது. மைதானத்தைப் பையன்கள் அணிக்குக் கொடுத்துவிட்டு இவர்களைப் பள்ளிக்கூடத் திடலுக்கு அனுப்பினார்கள். இருபத்திரண்டு பெண்களில் ஆறு பேர் கழன்றுகொண்டார்கள். மிச்சமிருந்தவர்களைக் கட்டிக் காத்தவள் ஆலியா. பத்தொன்பது வயது, நடுக்களம், அணித்தலைவி. அதிகம் பேசமாட்டாள். எல்லோருக்கும் முன்னால் வந்து பந்துகளுக்குக் காற்றடித்து வைப்பாள்.

கடைசியில் ஒரு போட்டித் தொடர் வந்தது. மூன்று ஆட்டம். முதலாவதில் ஆறு கோல் வாங்கினார்கள், இரண்டாவதில் நான்கு. அந்த இரண்டாவது ஆட்டத்தில் ஆலியாவின் முழங்காலில் அடிபட்டது. அணியின் பிசியோதெரபிஸ்ட் பிருந்தா, மதுரைப் பெண், தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அக்கா, உள்ள வீக்கம் இருக்கு. ஸ்கேன் எடுக்கிறவரைக்கும் இவ பந்தைத் தொடக்கூடாது."

மூன்றாம் ஆட்டத்தன்று காலை, ஹோட்டல் சாப்பாட்டு மேஜையில் அந்த நாட்டுக் கால்பந்து சங்கத்து அதிகாரி ஜோதிமணியின் எதிரே வந்து உட்கார்ந்தார். "இன்னைக்கும் தோத்தா டீம் கலாஸ், மூடிருவோம்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

எழுபதாவது நிமிடத்தில் ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று. பெண்களுக்கு மூச்சு வாங்கியது. எப்போது வேண்டுமானாலும் கோல் விழும் என்று ஜோதிமணிக்குத் தெரிந்தது. பிருந்தா மைதானத்தின் மறுகோடியில், தசை பிடித்துக்கொண்ட ஒருத்தியின் காலை நீவிக்கொண்டிருந்தாள். ஜோதிமணி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஆலியாவைக் கூப்பிட்டாள்.

"இன்னைக்கு வேண்டாம் கோச்" என்றாள் ஆலியா. "கால் நிக்க மாட்டேங்குது."

"இருபது நிமிஷம். ஓடவே வேண்டாம். நடுவுல நின்னு பந்தை வாங்கிக் குடு, போதும்."

ஆலியா அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு குனிந்து பூட்ஸ் கயிற்றைக் கட்டினாள்.

எண்பத்துநாலாவது நிமிடம். யாரும் அவளை இடிக்கவில்லை. பந்தை வாங்கித் திரும்பினாள், விழுந்தாள். அந்த அலறல் கேலரி வரைக்கும் கேட்டது. ஸ்ட்ரெச்சரில் தூக்கிப்போன பிறகு மீதி ஆட்டம் நடந்தது, அதே ஒன்றுக்கு ஒன்றில் முடிந்தது. ஜோதிமணி வந்தபிறகு அந்த அணிக்குக் கிடைத்த முதல் புள்ளி அதுதான். அதிகாரி வந்து "மப்ரூக்" என்று வாழ்த்தினார்.

இரண்டு வாரம் கழித்து விளக்கம் கேட்டு சங்கத்திலிருந்து தாள் வந்தது. காயம்பட்டவளை இறக்கியது யார் முடிவு? ஜோதிமணி அதை ஒரு நாள் முழுக்க மேஜையிலேயே வைத்திருந்தாள். மறுநாள் எழுதினாள்: 'ஆட வேண்டுமென்று வீராங்கனையே விரும்பிக் கேட்டார்.' அத்தோடு விசாரணை முடிந்தது. பிருந்தா காதுக்கும் அது போனது. அன்றிலிருந்து அவள் அக்கா என்று கூப்பிடுவதை விட்டுவிட்டாள். மேடம் என்றாள்.

ஆலியாவிடமும் விசாரித்திருக்கிறார்கள், அவளும் அதையே சொல்லியிருக்கிறாள் என்பது பிறகுதான் தெரியவந்தது. அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவளைப் பார்க்க ஜோதிமணி போனாள். ஆலியாவின் அம்மா காவா காப்பியும் பேரீச்சம்பழமும் கொண்டுவந்து வைத்தார். "இவ சின்ன வயசிலிருந்தே பிடிவாதக்காரி. உங்களுக்கும் சங்கடம் வச்சுட்டா, மன்னிச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

"ஏன் அப்படிச் சொன்னே?" என்று தாழ்ந்த குரலில் கேட்டாள் ஜோதிமணி.

"உங்களை அனுப்பினா டீமையும் மூடிருவாங்க. எனக்கு டீம் வேணும் கோச்."

அம்மாவைக் கூப்பிட்டு உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஜோதிமணி காவாவைக் குடித்து முடித்தாள். உடம்பைப் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தாள்.

நான்கு மாதத்தில் அணியைக் கலைத்துவிட்டார்கள். மூன்று வரி ஈமெயில். முழங்காலில் இரண்டாவது தடவையும் கத்தி வைத்த டாக்டர், இனி கால்பந்து கிடையாது என்று ஆலியாவிடம் சொல்லிவிட்டார். ஜோதிமணி ரோலாவுக்குத் திரும்பினாள். இப்போது அல் கூஸில் ஒரு பழைய குடோனுக்குள் செயற்கைப் புல் விரித்த இடத்தில் ஆறேழு வயதுப் பிள்ளைகளுக்குப் பந்து உதைக்கச் சொல்லித்தருகிறாள்.

திரும்பி வந்து ஒரு வருஷம் கழித்துத்தான் கௌரிசங்கரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். "இப்பச் சொல்லி என்ன ஆகப்போவுது ஜோதி?" என்று மட்டும் கேட்டார். அவளால் அப்படி விட முடியவில்லை. சங்கத்துக்குக் கடிதம் எழுதினாள். மகளிர் பிரிவே இப்போது இல்லை என்று பதில் வந்தது. அப்புறம் ஆலியாவின் அம்மாவுக்கு போன் செய்து நடந்ததை நடந்தபடி சொன்னாள். மறுமுனையிலிருந்து, "ரெண்டு வருஷமா என் பொண்ணைத் திட்டிக்கிட்டே இருந்தேனே" என்ற குரல் வந்தது. பிறகு லைன் அறுந்தது.

மறுநாள் மத்தியானம் ஆலியாவிடமிருந்து செய்தி வந்தது. 'ஏன் சொன்னீங்க கோச்? அம்மா இப்ப நான் என்ன சொன்னாலும் நம்பறதில்ல.'

பதில் எழுத உட்கார்ந்தாள் ஜோதிமணி. எழுதினாள், அழித்தாள், மறுபடி எழுதினாள். குடோன் வாசலில் பிள்ளைகளின் வேன் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. போனைப் பைக்குள் போட்டுவிட்டு எழுந்து போனாள். அந்தப் பதிலை அவள் இன்றுவரை அனுப்பவில்லை.