ஷேர் ஆட்டோவின் பின்னால் வந்த என் ரேஸ் கார்

இன்று காலை எங்கள் வீட்டு வாசலில் நம்ம கார் முழுசாக வந்து நின்றது!

ஆமாம் மக்களே, அதே கார்தான். "எப்போ ப்ரோ முடியும், உங்க பேரன் ஓட்டுவானா?" என்று கமெண்டில் என்னை ஓட்டு ஓட்டென்று ஓட்டினீர்களே, அது!

புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். அப்பாவின் பழைய சின்ன காரைப் பிரித்து, பெரிய இன்ஜின் ஏற்றி, டர்போ வைத்து, பின் சீட்டைக் கழற்றிக் கடாசி, ரேஸ் கார் மாதிரி ஆக்கியிருக்கிறேன். எல்லாம் கள்ளக்குறிச்சியில் எங்கள் வீட்டு ஷெட்டில்தான். கூட நின்றது என் நண்பன் செந்தில், வெல்டிங் பட்டறை வைத்திருப்பவன்.

(ஆர்டிஓ ஆபீஸில் வேலை பார்க்கும் சொந்தங்கள் மேலே உள்ள பத்தியைப் படிக்காமல் தாண்டிவிடவும்!)

அந்த ஷெட் மக்காச்சோள மூட்டை போடும் இடம். மூட்டைகளை எல்லாம் வெளியே மாற்றி எனக்கு இடம் விட்டது அப்பா. காரைக் கொடுத்ததும் அப்பா.

அவருக்கு முட்டியில் ஆபரேஷன் ஆகியிருக்கிறது. ஒரு கால் பாதிக்கு மேல் மடங்காது. முன்பெல்லாம் இந்தக் காரில்தான் ஆஸ்பத்திரிக்கு எக்சர்சைஸுக்குக் கூட்டிப்போவேன். பிரித்துப் போட்ட நாளிலிருந்து ஷேர் ஆட்டோவில் போய் வருகிறார்.

"கொஞ்சம் பொறுத்துக்கப்பா, முடிஞ்சதும் ஜம்முனு இதுலயே இட்டுக்கினு போறேன்" என்று நான்தான் சொல்லியிருந்தேன்.

சரி, இன்றைய கதைக்கு வருகிறேன்.

நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. (வண்டி அவ்வளவு தாழ்வு. பழத்தின் மேல் ஏறினால் மேலே தூக்குமோ, அடியில் இடிக்குமோ என்று எனக்கே பயம்!) அம்மா பூசணிக்காய் சுற்றி உடைத்தார்.

எங்கள் வீட்டில் எந்த வண்டி வந்தாலும் முதல் ரவுண்டில் அப்பாதான் பக்கத்தில் உட்காருவார். டிராக்டர் வந்தபோதும் மட்கார்டில் அவர்தான். இன்றைக்கு அயர்ன் பண்ணிய வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு தயாராக நின்றார். மலை மேல் இருக்கும் கரியாலூர் வரை போய் வருவதாகத் திட்டம்.

"வாப்பா, ஏறு" என்றேன்.

அப்பா கதவைத் திறந்தார். காலைத் தூக்கினார்.

கால் உள்ளே போகவில்லை.

பெரிய இன்ஜினைப் பழைய பாடி தாங்காது என்று உள்ளே இரும்புக் குழாயில் கூண்டு கட்டியிருக்கிறோம். கதவுக்குக் குறுக்கே ஒரு குழாய் வரும். அதைத் தாண்டிக் காலைப் போட்டு, தரையோடு தரையாக இருக்கும் சீட்டில் சறுக்கி இறங்க வேண்டும். எனக்கு அது சுலபம். செந்திலுக்கும் சுலபம். நாங்கள் இரண்டு பேரும் மாறி மாறி உட்கார்ந்து பார்த்துத்தானே அளவே எடுத்தோம்!

அப்பாவை ஒரு தடவை கூட உட்கார வைத்துப் பார்க்கவில்லை. தோன்றவே இல்லை.

திரும்பி நின்று பின்பக்கமாக உட்காரப் பார்த்தார். குழாய் இடுப்பில் இடித்தது. செந்தில் அவர் காலைப் பிடித்து மெதுவாக மடக்கப் பார்த்தான்.

"வலிக்குதுடா, வுடு வுடு."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். அந்தக் குழாயைச் செந்தில் வெல்டிங் பண்ணியபோது மறுமுனையை ஆடாமல் பிடித்துக்கொண்டு நின்றதே அப்பாதான்.

"அப்பவே ஒனக்குத் தெரியலியாப்பா?" என்று கேட்டேன்.

"தெரிஞ்சிது. நீ எதுனா வழி வெச்சிருப்பன்னு நெனச்சிக்கினேன்."

திட்டியிருந்தால் கூடப் பரவாயில்லை.

"பூசணிக்கா ஒடச்சப்புறம் வண்டிய நிக்க வெக்கக் கூடாது. நீ போய்ட்டு வா, போ" என்று அவரே கதவைச் சாத்தினார்.

போனேன். கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறும்போது வண்டி பறந்தது மக்களே! மிதித்தால் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொள்கிறது. கரியாலூர் டீக்கடையில் டூரிஸ்ட் பசங்கள் சுற்றி நின்று செல்ஃபி எடுத்தார்கள். இதற்காகத்தானே இத்தனை நாள் கனவு கண்டேன்? டீயை முழுதாகக் குடிக்கப் பிடிக்காமல் வண்டியைத் திருப்பினேன்.

வீட்டுக்கு வந்தால் அப்பா இல்லை. எக்சர்சைஸுக்குப் போய்விட்டார் என்றார் அம்மா.

என்ன நினைத்தேனோ, நேராக ஆஸ்பத்திரி வாசலுக்குப் போய் நின்றேன். அப்பா அதே வெள்ளைச் சட்டையில் வெளியே வந்தார். என்னைப் பார்த்தார், காரைப் பார்த்தார், சிரித்துவிட்டார்.

"இத்த எட்த்துக்கினு இன்னாத்துக்குடா வந்த? நான் எங்க ஏர்றது?"

ஷேர் ஆட்டோ வந்தது. பின்னால் திரும்பி உட்காரும் சீட்டில், காலை நீட்டிக்கொண்டு வசதியாக உட்கார்ந்தார்.

நான் அந்த ஆட்டோவுக்குப் பின்னாலேயே ஓட்டினேன்.

அது நின்ற இடத்தில் எல்லாம் நானும் நின்றேன். ஆள் ஏறும் வரை காத்திருந்தேன். டர்போ வைத்த வண்டி, முதல் கியரில் உறுமிக்கொண்டே நகர்ந்தது. அப்பா எனக்கு நேர் எதிரே, கையை ஆட்டி ஆட்டிக் கத்தினார்.

"முன்னாடி பூடுடா! வண்டி சூடாவுது பாரு!"

முந்திக்கொண்டு போக எனக்கு மனசு வரவில்லை.

எங்கள் தெருமுனையில் அப்பா இறங்கி மெதுவாக நடந்தார். ஆட்டோக்காரர் என் ஜன்னல் பக்கம் வந்தார். ஏன் பின்னாடியே வந்து கடுப்பேற்றினாய் என்று சண்டைக்கு வருகிறார் என்றுதான் நினைத்தேன்.

"ண்ணா, இந்த வண்டிய நீங்கதான் வூட்லயே செஞ்சீங்களாமே! வழி பூரா உங்க அப்பா அத்தயேதான் சொல்லிக்கினு வந்தாரு. 'என் புள்ள செஞ்சது, என் புள்ள செஞ்சது'ன்னு எல்லார் கிட்டயும் காட்டிக்கினு வந்தாரு."

நான் தலையை ஆட்டினேன்.

"சூப்பர்ணா. அப்பறம் ஏங்க அவர இதுலயே ஏத்திக்கினு வரல?"

நீங்களே சொல்லுங்கள் மக்களே, அந்த மனுஷனுக்கு நான் என்ன பதில் சொல்ல?