பெட்டிக்குள் ஏறிய ஒரு மைனஸ்

ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். அஞ்செட்டியிலிருந்து மாற்றுச் சட்டைகூட இல்லாமல் ஓசூருக்கு வந்தேன். இன்று போல்ட்டுக்கும் நட்டுக்கும் துத்தநாக முலாம் பூசும் பதினோரு தொட்டிகள் என்னுடையவை. எனக்கு வேதியியல் சொல்லிக்கொடுத்தவன் எவனும் இல்லை. கை வெந்து கற்றேன். அதனால் படித்தவர்கள் வாயைத் திறந்தாலே எனக்குக் கொட்டாவி வரும்.

என் மகள் படித்தவள். பெங்களூர்க் கம்பெனி ஒன்றுக்காகத் துணி சோப்பில் சேர்க்கும் புரதத்தைக் கம்ப்யூட்டரில் மாற்றிப் பார்ப்பது அவள் வேலை. ஒரு துண்டை எடுத்து வேறொன்றைப் பொருத்தினால் புரதம் சூட்டைத் தாங்குமா என்று, கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒரு தண்ணீர்ப் பெட்டியில் அதை வைத்து ஆற்றல் கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டும். அப்படிக் கணக்குப் போட்ட மாற்றங்களின் பட்டியலில் ஒன்றை மட்டுமே ஆய்வகம் நிஜமாகச் செய்து பார்க்கும். அது தோற்றால் அந்தத் திட்டத்தையே மூடிவிடுவார்கள். இவளுக்கும் வேலை போகும். பட்டியலில் முதலில் நின்றது இவள் யோசித்த மாற்றம்தான்.

அன்று என் பட்டறை ஆபீஸ் அறையில் உட்கார்ந்து வேலை செய்தாள். போன் ஸ்பீக்கரில் அவள் மேலாளர்.

“சார், இந்த நம்பரை நம்ப முடியாது. துண்டை மாத்தும்போது ஒரு மைனஸ் மின்சுமை கூடுது. பெட்டி சமமா இல்ல.”

“அதெல்லாம் சாஃப்ட்வேர் பாத்துக்கும்மா. நல்லா வந்த நம்பரை எதுக்கு நோண்டுறீங்க? அனுப்பிடுங்க.”

போனை வைத்ததும் சிரித்தேன். “உனக்கே மொதல் எடம் வந்திருக்கு. அந்த ஆளே அனுப்புங்கிறான். உனக்கென்னம்மா கேடு? மைனஸ் கூடுச்சின்னா உப்பப் போடு, தீந்துது.”

“உப்பு ஆரம்பத்துலயே போட்டாச்சுப்பா. அப்ப சமமாத்தான் இருந்துச்சு. கணக்கு ஓட ஓடத்தான மைனஸ் ஏறுது? அத மறைக்க, சாஃப்ட்வேர் பெட்டி முழுக்க பிளஸ்ஸப் புகை மாதிரி பரப்பிடுது. தண்ணிலயும் பரவும், புரதத்துக்குள்ளயும் பரவும். நெசத்துல அப்படி எதுவும் இல்ல. ஒழுங்கா மடிஞ்ச புரதத்துக்கு ஒரு பெட்டி, சூட்டுல பிரிஞ்சதுக்கு ஒரு பெட்டி; ரெண்டுக்கும் உள்ள வித்தியாசந்தான் விடை. ரெண்டுலயும் ஒரே அளவுக்குக் கெடுக்காது. ஒண்ணுலேந்து ஒண்ணக் கழிச்சாலும் தப்பு நிக்கும்.”

“அப்ப என்னா பண்ணுவ?”

“இங்க மைனஸ் ஏற ஏற, தூரத்துல ஒரு தண்ணி மூலக்கூற அதே அளவுக்கு பிளஸ் அயனியா மாத்திக்கிட்டே வரணும். பெட்டி எப்பவும் சமமா இருக்கும்.”

என் தொட்டியில் போல்ட்டின் மேல் துத்தநாகம் ஏற ஏற, எதிரே தொங்கும் துத்தநாகத் தகடு கரைந்துகொண்டே இருக்கும். காலையில் ஒருமுறை உப்பைக் கொட்டிவிட்டுப் போனால் முலாம் ஏறாது. இது தெரிந்த நான்தான் உப்பு யோசனை சொன்னவன்! அதை ஒப்புக்கொள்ளவில்லை. “இதுக்கா இத்தன வருசப் படிப்பு?” என்றேன்.

அந்த முறையில் நான்கு நாள் கம்ப்யூட்டரை ஓடவிட்டாள். அவளுடைய மாற்றம் ஆறாம் இடத்துக்கு விழுந்தது. மின்சுமையே மாறாத, சக ஊழியன் யோசித்த ஒன்று மேலே ஏறியது. பழைய நம்பர், புதிய நம்பர் இரண்டையும் காரணத்தோடு ஆய்வகத்துக்கு அனுப்பினாள். தன் கையாலேயே தன்னைக் கீழே தள்ளிக்கொண்ட பைத்தியம் என்று திட்டினேன்.

ஆய்வகம் சக ஊழியனுடையதைச் செய்தது. அது சூட்டைத் தாங்கியது. திட்டம் பிழைத்தது. அதற்காகக் கம்பெனியில் வெட்டிய கேக்கில் ஒரு துண்டை டிஷ்யூ காகிதத்தில் எடுத்து வந்தாள்.

“மேலாளர் எல்லார் முன்னாலயும் பேசினாருப்பா. நல்லா வந்த நம்பரத்தான் முதல்ல சந்தேகப்படணுமாம்.”

“உன் பேரச் சொன்னானா?”

“இல்லப்பா. வேலை இருக்கு. போதும்.”

போதுமாம்! கேக்கை மேசையிலேயே விட்டுவிட்டுத் தொட்டிகளைப் பார்க்க இறங்கினேன்.