டென்சில் பார்த்துக் கொடுத்த துப்பாக்கி

பழைய பட்டாளத் துப்பாக்கி வாங்க நினைப்பவர்கள் முதலில் டென்சில் ஹான்ஷாவின் கதவைத்தான் தட்டுவார்கள். எல்க் ஆற்றங்கரையில் அது வழக்கம். கடைக்காரர் பெட்டியைத் திறந்ததும், கெட்டி மசகு அப்பிய ரஷ்யத் துப்பாக்கிகளில் ஒன்றை டென்சில் எடுப்பார். குழலைத் துணியால் துடைப்பார். பின்பூட்டைக் கழற்றிவிட்டு, மறுமுனையை ஜன்னல் பக்கம் நீட்டி, ஒற்றைக் கண்ணால் உள்ளே பார்ப்பார். குண்டைச் சுழற்றி நேராக அனுப்பும் சுருள் வரிகள் மின்னினால், "இதை எடு" என்பார். கண்ணாடித் தொழிற்சாலையில் குறை கண்டுபிடித்தே சம்பளம் வாங்கிய கண் அது.

அந்தக் கண்ணில் புரை விழுந்திருந்தது. அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் யார் கதவைத் தட்டுவார்கள்?

பள்ளிப் பேருந்து ஓட்டும் லொரெட்டா பியூ வந்தபோதும் சொல்லவில்லை. ஊர்த் துப்பாக்கி கிளப்பின் சனிக்கிழமைப் போட்டியில் சேர அவளுக்கு ஆசை. விலை குறைவாக ஒன்று வேண்டும்.

கடையில் டென்சில் குழலுக்குள் பார்த்தார். பால் கலந்த வட்டம். அடுத்ததிலும் அதே வட்டம். மூன்றாவதில் கொஞ்சம் வெளிச்சம் இருப்பதாகப் பட்டது.

"எப்படியிருக்கு?"

"பளிங்கு மாதிரி இருக்கு. கண்ணை மூடிக்கிட்டு வாங்கு."

சனிக்கிழமை அவள் சுட்டு முடித்ததும், கிளப்பில் பல வருஷமாகச் சுடும் வெர்னான் அவளுடைய இலக்கு அட்டையைப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"ஏம்மா, சுட்டியா, கல்லெடுத்து எறிஞ்சியா? எல்லாம் பக்கவாட்டுல போய்ப் படுத்திருக்கு. ஒவ்வொரு ஓட்டையும் இந்த நீளம். குழல்ல வரியே இருக்காது. யாரு பாத்துக் குடுத்தது?"

"நாந்தான் அவசரப்பட்டு எடுத்துட்டேன்" என்றாள் லொரெட்டா.

பக்கத்தில் நின்ற டென்சில் தோட்டா டப்பாவை மூடினார்.

"ஏன் டென்சில், நீயும் கூடப் போனியே?"

"தோட்டா சரியில்லாம இருக்கும்."

"அதே டப்பாலதான் நானும் சுட்டேன். என்னுது நேராத்தான போச்சு? வா, நீயே பாரு."

டென்சில் அட்டையின் முன் போய் நின்றார். வெள்ளை தெரிந்தது. ஓட்டை தெரியவில்லை. விரலால் தடவினார். கிழிசல் ஒன்று, நீளமாக. பக்கத்தில் இன்னொன்று. திரும்பிப் பார்த்தபோது யாரும் சிரிக்கவில்லை. வெர்னான் தொப்பியைச் சரிசெய்துகொண்டு மலையைப் பார்த்தான்.

சாயங்காலம் டென்சில் தன் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு லொரெட்டாவின் வீட்டுக்குப் போனார். அவரிடம் இருந்ததிலேயே நல்லது அது.

"இதை வச்சுக்கோ. அதைக் குடு."

"உங்க துப்பாக்கி எனக்கெதுக்கு?"

"எனக்குக் கண்ணு தெரியல, லொரெட்டா. அன்னைக்கே தெரியல."

அவள் துப்பாக்கியை வாங்கிக் கதவோரம் சாய்த்து வைத்தாள்.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே பாத்திருப்பேனே. எனக்குக் கண்ணு நல்லாத்தானே இருக்கு."

துப்பாக்கிகளை மாற்றிக்கொண்டு வந்துவிட்டார். மறுநாள் மகளுக்குப் போன் செய்து, கண் ஆஸ்பத்திரியில் நாள் வாங்கச் சொன்னார்.

அறுவை முடிந்து கண் கட்டுப் பிரித்த அன்று, காபிகூடக் குடிக்காமல், லொரெட்டாவின் பழைய துப்பாக்கியைச் சமையலறை ஜன்னல் பக்கம் நீட்டி உள்ளே பார்த்தார். துரு தின்ற பள்ளங்கள். முனை வரை தேய்ந்து மழுங்கிய வரிகள். எல்லாமே தெளிவாகத் தெரிந்தன. எந்தப் பிள்ளையும் பார்த்துச் சொல்லியிருக்கும்.

அதன்பிறகும் ஆட்கள் கதவைத் தட்டினார்கள். "வெர்னானைக் கூட்டிக்கிட்டுப் போங்க" என்று அனுப்பிவிடுவார். சாகும்வரை வேறெந்தக் குழலுக்குள்ளும் அவர் பார்க்கவில்லை.