கிளைக்குக் கீழே வெட்டிய படம்

அறுபதுகளின் தொடக்கத்தில் மலைமேல் நாயுடுபுரத்தில் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் எனக்கு இருட்டறை வேலை. சீசனுக்கு வருகிறவர்கள் ஏரிக்கு முன்னால் குளிரில் விறைத்து நின்று எடுத்துக்கொண்ட படங்களைக் கழுவி, பெரிதாக்கி, ஓரம் வெட்டிக் கொடுப்பேன். மூஞ்சிகளை நாள் முழுக்க நெகட்டிவில் பார்த்தே பழகியதாலோ என்னவோ, மனிதர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை கிடையாது.

இன்னொரு வேலையும் உண்டு. மலைக்கிராமங்களில் வீட்டுப் பெரியவர் கண்ணை மூடிய பிறகுதான் அவரை ஒரு படம்கூட எடுத்து வைக்கவில்லை என்ற ஞாபகமே பலருக்கு வரும். பிணத்தை நாற்காலியில் சாய்த்து, மாலை போட்டு எடுத்து வருவார் முதலாளி. மூடிய கண்ணைத் திறந்து கொடுப்பது என் பொறுப்பு. பிரிண்டில் தூரிகையால் கறுப்பு மை வைத்து, காய்ந்ததும் பிளேடு முனையால் ஒரு புள்ளி சுரண்டினால் போதும். செத்தவர் மகனையும் மருமகளையும் பார்க்கத் தொடங்கிவிடுவார்.

எங்கள் வாடிக்கைக்காரர்களில் ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் இருந்தார். பங்களா, தொப்பி, வெளிநாட்டுக் கேமரா எல்லாம் உண்டு. பறவை நிபுணர் என்று ஊரே சொல்லிக்கொண்டது, அவர் ஊருக்குச் சொல்லி வைத்திருந்ததால். ஒருநாள் ஒரு நெகட்டிவைக் கொடுத்துவிட்டுப் பாடம் நடத்தினார்.

“படம் பூராவும் குருவிதான் இருக்கணும் தம்பி. கிளைக்குக் கீழ மயிரிழைகூட விடாத, க்ளீனா கட் பண்ணிரு. கண்ணு கொஞ்சம் டல்லா கெடக்கு, டச் பண்ணிரு.”

பெரிதாக்கும் கருவியில் போட்டுப் பார்த்தேன். கறுப்பும் ஆரஞ்சுமாகச் சோலைக்காட்டில் திரியும் சின்ன ஈப்பிடிப்பான் குருவி. கண் டல்லாக இல்லை, மூடியிருந்தது. காலைச் சுற்றிப் பாசி அடைத்திருந்தது. கிளைக்குக் கீழே, அவர் வெட்டச் சொன்ன இடத்தில், முடிச்சுப் போட்ட நூலின் இரண்டு நுனிகள் தொங்கிக்கொண்டிருந்தன. சுட்டு, கட்டி, உட்கார வைத்து எடுத்திருக்கிறார் மகானுபாவர். முதலாளியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

“ஏலே, ஒனக்கெதுக்கு இந்தச் சோலி? பிணத்துக்குக் கண்ணு வரைஞ்சவன்தான, குருவிக்கு வரைய வலிக்குதா? வெரசா முடிச்சுக் குடு.”

வரைந்தேன். மனிதக் கண்ணைவிடச் சுலபமாக இருந்தது. கிளையை ஒட்டி வெட்டிக் கொடுத்தேன்.

என்னிடமும் ஓர் ஈப்பிடிப்பான் படம் இருந்தது, உயிருள்ள குருவி. முதலாளியின் பழைய கேமராவை இரவல் வாங்கி, பதினோரு ஞாயிற்றுக்கிழமைகள் சோலையில் அட்டைக்கடி பட்டு எடுத்தது. அந்தக் கேமராவில் குருவி மிளகளவுதான் விழுந்தது. அதைப் படத்தின் ஓரத்தில் வைத்து, அது பார்க்கும் பக்கத்தை மூடுபனிக்கு விட்டுவிட்டேன். பறக்கப்போகிற ஒன்றுக்கு முன்னால் இடம் வேண்டாமா? கண்ணில் ஒளி விழவில்லை. தூரிகையை எடுக்கவில்லை. இந்த ஒரு படத்திலாவது பொய் இருக்கக்கூடாது என்ற வீம்பு. என் வாழ்க்கையில் நானாக ஆசைப்பட்டுச் செய்தது அது ஒன்றுதான். மே மாதத்தில் ஏரிக்கரை மண்டபத்தில் நடந்த படக் கண்காட்சிக்கு அதை அனுப்பினேன். அதற்கு ஒரு பரிசு கிடைத்தால் இருட்டறையை விட்டு வெளியே வந்து, நானும் படம் எடுக்கிறவன் என்று சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

நடுவராக வந்த பேராசிரியர் என் படத்தின் முன்னால் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

“குருவி எங்கங்க இருக்கு? ஓ, இதா? வெறும் பனியாவுல்ல இருக்கு. உயிரே இல்லையே.”

இரண்டடி நகர்ந்தார். அங்கே அதிகாரியின் படம், சட்டம் போட்டு.

“இந்தக் கண்ணப் பாருங்க! இப்பப் பறந்துருமோன்னு பயமா இருக்கு. எவ்வளவு உயிரு!”

ஆள் பத்தடி நெருங்கினாலே பறந்துவிடுகிற குருவி இரண்டடியில் உட்கார்ந்து போஸ் கொடுக்குமா என்று அந்தப் படித்த கூட்டத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. பரிசு அதற்கே என்றதும் எல்லாரும் கை தட்டினார்கள். அதிகாரி பணிவாகச் சிரித்தார். அந்தப் பணிவை என்னால் பொறுக்க முடியவில்லை. நூலைப் பற்றிச் சொல்ல வாயைத் திறந்தேன். ஆனால் பேராசிரியர் மறுபடியும் அந்தக் கண்ணைப் புகழ்ந்தார். அது நான் சுரண்டிய புள்ளி. என் கைவேலையை முதன்முதலாக ஒருவர் பாராட்டுகிறார் என்று எனக்கு உள்ளே குளிர்ந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டேன். அங்கிருந்த அத்தனை பேரையும்விட அந்த நிமிடத்தில் நின்ற என்னைத்தான் இன்றுவரை எனக்குப் பிடிக்கவில்லை.

மறுநாள் அதிகாரி ஸ்டூடியோவுக்கு வந்தார். நண்பர்களுக்குக் கொடுக்கப் பத்துப் பிரதி வேண்டுமாம்.

“அதே கட்டிங்தான் தம்பி, தெரியும்ல?”

“தெரியுங்க சார்,” என்றேன். பத்துக் கண்களையும் திறந்தேன். பிறகு அதே பிளேடால், ஒவ்வொன்றாக, கிளைக்குக் கீழே வெட்டினேன்.